எலும்புப் பிரிவு

மார்ச் 6

குட்டிக்கு,

போன் செய்தால் எடுக்கமாட்டாய். எடுத்தாலும் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

சனிக்கிழமை நாங்கள் எப்படி அங்கே வந்து சேர்ந்தோம் என்று முதலில் சொல்கிறேன். என் நிச்சயத்துக்குத் துணி எடுக்கத்தான் பெண் வீட்டார் நகரத்துக்கு வந்தார்கள். அவள், அவளுடைய அப்பா, அம்மா, வழிகாட்ட நான். துணி எடுத்து முடித்ததும், டாக்டர் தங்கையைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்புவதில்லை என்று அவள் அம்மா ஒற்றைக் காலில் நின்றார். கல்யாணத்துக்கு முன்பே தன்னை அத்தை என்று கூப்பிடச் சொல்லிவிட்டார், அவ்வளவு ஒட்டுதல். நீ ஊரில் இல்லை என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் உன் அறைக்கே போன் போட்டுவிட்டார். உன்னோடு தங்கியிருக்கிற பெண் கொஞ்சமும் யோசிக்காமல், மியூசியத்தில் இருப்பாள், எலும்புப் பிரிவில் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஒன்று தெரிந்துகொள். நீ டாக்டர் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. எலும்புப் பிரிவில் வேலை என்றுதான் சொன்னேன். நீ என்னிடம் சொன்னதும் அதுதானே? எந்த ஆஸ்பத்திரி என்று அவர்களாகக் கேட்டார்கள், பெரிய இடம் என்று சொன்னேன், அவர்களாக டாக்டர் ஆக்கிவிட்டார்கள். மியூசியம் என்ற ஒரே ஒரு சொல்தான் விட்டுப்போயிற்று. மியூசியத்திலும் டாக்டர் வைத்திருப்பார்கள் போல என்று அத்தை அதற்கும் சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டார்.

அது என்ன இடம் குட்டி? உள்ளே நுழைந்ததும் கூரையிலிருந்து ஒரு திமிங்கில எலும்புக்கூடு தொங்குகிறது. அதன் கீழே ஜனம் வாயைப் பிளந்துகொண்டு படம் எடுக்கிறது. அடுத்த கூடத்தில் வைக்கோல் அடைத்த சிங்கம், உதடு சுருங்கி, ஒரு காதைப் பூச்சி அரித்திருக்கிறது. அதற்கும் அடுத்த கூடத்தில் ஜாடிகள். மஞ்சள் தண்ணீரில் ஊறி வெளுத்த பாம்பு, இரண்டு தலைக் கன்று, பிறப்பதற்கு முன்பே செத்த குரங்குக் குட்டி, கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரொட்டி தின்றுகொண்டே அதைப் பார்க்கிறார்கள். செத்ததைப் புதைக்காமல் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டுக் காட்டினால் அதற்குப் பெயர் அறிவா? எனக்குக் கண்ணாடியைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று பின்கட்டிடத்துக்கு வந்தபோது தெரிந்தது. படி ஏறும்போதே அந்த நாற்றம். அழுகல் நாற்றம்கூட இல்லை, அழுகலைச் சுட வைத்த நாற்றம். கதவைத் திறந்தால் நீ ரப்பர் அங்கியும் முழங்கை வரை உறையுமாக, ஒரு ஒட்டகத் தலையை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்துச் சதையைக் கத்தியால் வழித்துக்கொண்டிருக்கிறாய். பக்கத்துத் தொட்டியில் வண்டும் முடி முளைத்த புழுவுமாக ஏதோ ஒன்றின் விலாவை மொய்த்துத் தின்கின்றன. தின்கிற சத்தம் வெளியே கேட்கிறது. அத்தை அன்று இரவு ஒரு வாய் சாப்பிடவில்லை.

அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லி எப்படியோ சமாளித்தேன். அதைப் பற்றி இப்போது பேச்சு வேண்டாம். ஆக வேண்டியதைச் சொல்கிறேன். அவர்கள் உன் முகத்தைப் பார்த்துவிட்டார்கள். அதனால் நிச்சயத்துக்கு நீ வர வேண்டாம், கல்யாணத்துக்கும் வேண்டாம். தங்கை மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டாள் என்று சொல்லிக்கொள்கிறேன். அத்தை உன்னிடம் விட்டுவிட்டு வந்த முழங்கால் எக்ஸ்ரேயோடு நாலு வரி, டாக்டர்கள் கிறுக்குவது போலக் கிறுக்கி அனுப்பிவிடு. ஒத்தடம் கொடுக்கச் சொல்லி எழுது. ஒத்தடத்தால் யாரும் சாகமாட்டார்கள்.

எனக்கு எத்தனை இடம் தட்டிப்போயிற்று என்பது உனக்குத் தெரியாததல்ல. இவர்கள் நல்ல குடும்பம், துணி வியாபாரம். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது. இதுவும் கை நழுவினால் நான் இனி யார் வீட்டுப் படியும் ஏறப்போவதில்லை.

மானம் கப்பலேறி நிற்கிற
அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

கிழிக்கவில்லை. வேலை செய்கிற இடத்தில் வைத்துத்தான் படித்தேன். எலும்பைச் சுத்தம் செய்ய நாங்கள் வளர்க்கிற வண்டுகள் பக்கத்தில் தின்றுகொண்டிருந்தன. இரண்டில் எது எனக்கு அதிகமாகக் குமட்டியது என்று கேட்காதே.

வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய். நான் அந்த வரியை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறந்தது, நீ நின்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். ஒட்டகத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். அண்ணா என்கிற சொல் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நீ கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி அவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னாய்:

"தங்கச்சி உள்ள மீட்டிங்ல இருக்கா. இது அவகிட்ட வேலை செய்யற பொண்ணு."

வாய் கூசாமல் சொன்னாய். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, ஒட்டகத்தைப் பார்த்தாய். அத்தை என்று சொல்கிறாயே, அந்த அம்மாள்தான் என் பக்கத்தில் வந்து எக்ஸ்ரே உறையைக் கொடுத்தார். டாக்டரம்மா வந்ததும் காட்டு, மாடி ஏறினால் உயிர் போகிறது என்று சொல் என்றார். நான் மத்தியானம் சாப்பிட்டேனா என்றும் கேட்டார். நீ அதற்குள் வராந்தாவுக்கு ஓடியிருந்தாய்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? எனக்கு உன் கல்யாணம் வேண்டியிருந்தது. உன்னோடு சேர்ந்து நானும்தான் அத்தனை இடத்துக்கும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போய் உட்கார்ந்து திரும்பி வந்திருக்கிறேன்.

நாற்றத்தைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்கிறாய். நீ என்ன பூக்கடையிலா உட்கார்ந்திருக்கிறாய்? செருப்புக்கடையில் தரையில் மண்டியிட்டு, கண்டவன் காலுறையை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு அளவு பார்க்கிறவன் நீ. நகம் புரையோடின கால், வெடிப்பில் சீழ் கட்டின கால் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வீட்டுக்கு வருவாய். நீ பிசைந்து கொடுத்த சோற்றை நான் என்றைக்காவது முகம் சுளித்து ஒதுக்கியிருக்கிறேனா?

அந்தத் திமிங்கிலம் வானத்திலிருந்து வெள்ளை வெளேரென்று இறங்கி வந்து தொங்கவில்லை. யாரோ ஒருத்தி அதன் கொழுப்புக்குள் முழங்கால் வரை நின்று வழித்தாள். எனக்கும் இந்த வேலை ரோஜாத் தோட்டம் இல்லை. மழைக்காலத்தில் அறை புழுங்கும்போது நானும் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்திருக்கிறேன். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வருவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒத்தடம் என்று கிறுக்கித் தரமாட்டேன். அந்த அம்மாள் பொய் டாக்டரை நம்பிக்கொண்டு நிஜ டாக்டரிடம் போகாமல் வலியோடு உட்கார்ந்திருக்கிறார். அது உனக்கு உறைக்கவே இல்லையா? என்னிடம் புழு இருக்கிறது, சரி. இது என்ன?

அப்பா அம்மா போனபிறகு உனக்கு நான், எனக்கு நீ என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இப்போது என்னையும் தலைமுழுகிவிட்டு, கல்யாணத்தன்று உன் பக்கத்தில் யாரை நிறுத்தப்போகிறாய்?

இப்படிக்கு,
அவகிட்ட வேலை செய்யற பொண்ணு


மார்ச் 15

குட்டி,

ஆமாம், சொன்னேன். அந்த நாற்றத்தில் மூளை வேலை செய்யவில்லை. வேண்டுமென்றே சொன்னேன் என்று நினைக்கிறாயா? வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்காக என்னைத் தூக்கில் போடு.

நீ நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்ததைச் சொல்லிக் காட்டுகிறாய். நானும் ஒன்று சொல்லிக் காட்டுகிறேன், இத்தனை நாள் மனசுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தேன். அச்சகக்காரர் வீட்டு இடம் ஏன் போயிற்று என்று நினைத்தாய்? நீ அந்த வேலைக்குச் சேர்ந்த புதிது. உன் தலைமுடியில் அந்த வாடை. உனக்குப் பழகிவிட்டது, உனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டம்மா நீ எழுந்து போனதும் நீ உட்கார்ந்திருந்த நாற்காலியை வெளியே எடுத்துப் போடச் சொன்னார். செத்ததைத் தொடுகிற வீட்டில் பெண்ணைத் தரமாட்டோம் என்று வாசலில் வைத்து என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் சரியில்லை என்று உன்னிடம் சொன்னேன். யாருக்காகச் சொன்னேன்?

அன்றிலிருந்துதான் மியூசியம் என்ற சொல்லை விட்டேன். எனக்காக மட்டும் விடவில்லை. இனி எவனும் உன் நாற்காலியை வெளியே தூக்கிப் போடக்கூடாது என்றுதான்.

இப்போது தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்குகிறது. எக்ஸ்ரேயை வாங்க அவளே தனியாக உன்னிடம் வரப்போகிறாளாம், டாக்டரையும் பார்த்துவிடுகிறேன் என்கிறாள். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. நீ பொய் சொல்ல வேண்டாம். உறையைக் கொடு, டாக்டர் இல்லை என்று மட்டும் சொல். அது உண்மைதானே? மீதியை அவளே எப்படியோ புரிந்துகொள்ளட்டும். உன் காலில் விழுந்ததாக நினைத்துக்கொண்டு இதை மட்டும் செய்.

கடையில் கூட்டம், பாதியில் நிறுத்துகிறேன். கால் அளவு எடுக்கிற கையால்தான் இதை எழுதுகிறேன், உனக்கு அருவருப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

நாற்காலி விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நாற்காலியை நானே அவர்கள் கிணற்றில் போட்டுவிட்டு வந்திருப்பேன். என்னிடம் மறைத்ததை நல்ல எண்ணத்தில் மறைத்தாய் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று அவர்கள் நாற்காலியைத்தான் வெளியே போட்டார்கள், நீ என்னையே போட்டாய்.

அவள் நேற்று வந்தாள். பொய்யோ உண்மையோ சொல்ல எனக்கு அவள் வேலையே வைக்கவில்லை. கதவருகே நின்று, "நீங்கதானே தங்கச்சி?" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கே தெரியுமாம். நம் இருவருக்கும் ஒரே மூக்காம், அதை இருவரும் ஒரே மாதிரி சுளிக்கிறோமாம். நீயாகச் சொல்வாய், ஊர் திரும்புகிற வழியில் சொல்வாய், மறுநாள் போன் செய்து சொல்வாய் என்று காத்திருந்தாளாம்.

அம்மாவுக்கும் அன்று இரவே சொல்லிவிட்டாளாம். அந்த அம்மாள் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தாயே, இரண்டு தட்டு சாப்பிட்டாராம். சாப்பிடாமல் தட்டைத் தள்ளியது நீ ஒருவன்தானாம்.

அவள் மூக்கைப் பொத்தவில்லை. கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்து, வண்டுகளை ஏன் அறையை விட்டு வெளியே விடக்கூடாது என்று கேட்டாள். ஒன்று தப்பிப் போனாலும் முன்கட்டிடத்துச் சிங்கத்தைத் தின்றுவிடும், அதனால் துணியை உதறாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்றேன். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இவள்தான் என் அண்ணி என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அந்த உற்சாகத்தில் நான் ஒன்று கேட்டேன் பார், அங்கேதான் உன் தலையில் கல்லைப் போட்டேன். துணிக்கடை வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"எந்தத் துணிக்கடை?" என்றாள்.

துணி வியாபாரம் என்று எனக்கு எழுதியிருந்தாய் அல்லவா? அவர்கள் வைத்திருப்பது சலவைக்கடையாம். ஆஸ்பத்திரி விரிப்பு, அறுவை சிகிச்சை அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் வருகிறதாம். ரத்தம், மலம், சீழ் எல்லாவற்றையும் கையால் அலசிவிட்டுத்தான் இயந்திரத்தில் போடுவாளாம். இதை அவள் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவளையும் நீ பூசி மெழுகியிருக்கிறாய் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

பெட்டியை விட்டு எழுந்து தொட்டி அருகே போனாள். பிறகு சொன்னாள்:

"கூடப் பிறந்தவங்களையே யாரோன்னு சொல்லிட்டாரு. நாளைக்கு நான் படுக்கையில விழுந்து நாறினா, பார்க்க வர்றவங்ககிட்ட என்னை யாருன்னு சொல்வாரு?"

நான் உனக்காகப் பேசினேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது நீ வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை, என் வாந்தியை நீதான் துடைத்ததைச் சொன்னேன். அதெல்லாம் வீட்டுக்குள்ளே நடந்ததுதானே என்றாள்.

உன்னைப் பிடித்திருக்கிறதாம். அதையும் எரிச்சலோடுதான் சொன்னாள். கடைசியாக ஒரு வாய்ப்பு. மாதக் கடைசி ஞாயிறன்று அவளும் அவள் அம்மாவும் இங்கே வருகிறார்கள், இதே அறைக்கு. நீயும் வர வேண்டும். அவர்கள் முன்னால், இந்த அங்கியோடு இருக்கிற என்னைக் காட்டி, இவள் என் தங்கை என்று சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாமாம். மன்னிப்புகூட வேண்டாமாம். சொன்னால் கல்யாணம், சொல்லாவிட்டால் இல்லை.

எக்ஸ்ரேயை அவள் எடுத்துப் போகவில்லை. அம்மாவையே அன்று நகரத்து எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போகிறாளாம், நிஜ டாக்டரிடம்.

தங்கை


மார்ச் 25

குட்டி,

வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு என்ன கஷ்டம்? என் தங்கையை என் தங்கை என்று சொல்லப் பரீட்சை வைக்கிறார்களே, அதுதான் எனக்கு எரிகிறது. ஒரு சொல்லை விட்டதற்கு ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து. நீயும் அவளும் பெட்டி மேல் உட்கார்ந்து என்னைப் பிரித்து மேய்ந்திருக்கிறீர்கள். அது வண்டு தின்றதைவிட மோசம்.

இருக்கட்டும். கைக்குட்டை கொண்டு வரமாட்டேன். காலையில் சாப்பிடாமல் வருகிறேன், வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வாந்தி வராது அல்லவா? கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது. கதவைத் திறந்த உடனே சொல்லிவிடுவேன், வணக்கம் வைப்பதற்கு முன்பே. அத்தைக்கு ஒரு ஜோடி மெத்துச் செருப்பு எடுத்து வைத்திருக்கிறேன், முழங்காலுக்கு நல்லது.

அந்த ஒட்டகத்தை மட்டும் அன்றைக்கு எங்கேயாவது மூடி வை.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டு மூன்று முறை போன் செய்துவிட்டாய். அவர்கள் வந்தார்கள். உனக்கு முன்பே வந்துவிட்டார்கள். அவர்கள் வரவில்லை என்று ஞாயிறன்று நான் உன்னிடம் சொன்னது பொய். அதைச் சொன்னதிலிருந்து எனக்கு என் மேலேயே குமட்டுகிறது. அதனால் எழுதுகிறேன்.

மாடி ஏற முடியாத அந்த அம்மாள் படிக்குப் படி உட்கார்ந்து எழுந்து மேலே வந்தார். நான் அவர்களுக்கு இரண்டு பெட்டிகளைத் துடைத்துப் போட்டேன். ஒட்டகத்தை மூடியும் வைத்தேன். வண்டுகளுக்கு ஞாயிறு கிடையாது, தொட்டியை மட்டும் மூட முடியாது. அவர் அதையே பார்த்துக்கொண்டு, தீர்த்துவிட்டுத்தான் ஓயும் போலிருக்கிறது என்றார். சிரித்தோம். அவள் புதுத் துணி உடுத்தியிருந்தாள். அடிக்கடி கதவைப் பார்த்தாள்.

அப்போது சுவரில் இருக்கிற போன் அடித்தது. எங்கள் கையில் எப்போதும் உறை, அதனால் எடுத்துக் காதில் வைக்க மாட்டோம். முழங்கையால் பொத்தானைத் தட்டினால் அறை முழுக்கக் கேட்கும். வாசலில் இருக்கிற புதுக் காவலர்தான். என்னைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கிறார் என்றார். யாரென்று கேளுங்கள் என்றேன். நீ வந்துவிட்டாய் என்று தெரியும், இருந்தும் ஆசையாகத்தான் கேட்டேன். அவர் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே உன்னிடம் கேட்டது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அவங்களுக்கு நீங்க என்ன வேணும் சார்?"

நீ கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"அப்படி ஒண்ணும் இல்லப்பா. தெரிஞ்சவங்கதான், சும்மா பார்த்துட்டுப் போலாம்னு."

வாசலில் நிற்கிறவனிடம் என்னத்தைச் சொல்வது என்று நினைத்திருப்பாய். பக்கத்தில் வரிசையில் நல்ல துணி உடுத்திய ஆட்கள் நின்றிருப்பார்கள். மேலே வந்து சொல்லத்தானே போகிறோம் என்று இருந்திருப்பாய். இதையெல்லாம் நான் அவளிடம் சொன்னேன், அண்ணா. அவசர அவசரமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே தன் துணியை உதறினாள், அம்மாவின் துணியை உதறினாள், பையைத் திறந்து அதையும் உதறினாள். அலமாரியிலிருந்து எக்ஸ்ரே உறையை எடுத்துக்கொண்டாள். அந்த அம்மாள் என் கன்னத்தைத் தொட வந்து, அங்கியில் இருந்ததைப் பார்த்தும் கையை எடுக்காமல் தொட்டுவிட்டுப் போனார். இருவரும் பின்படி வழியாக இறங்கினார்கள்.

நீ முன்படி வழியாக ஏறி வந்தாய். உன் செருப்புச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே ஒரு நிமிஷம் நின்று மூச்சை இழுத்துக்கொண்டாய். பிறகு கதவைத் தள்ளித் திறந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "இவ என் தங்கச்சி" என்று கட்டிடமே அதிரும்படி சொன்னாய்.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

தங்கை